பழைய காரும் துருவும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1999 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். நான்கு கதவுகளின் அடி விளிம்பிலும் பெயிண்ட் கொப்பளித்து எழும்புகிறது. போன வருஷம் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வீட்டிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

முடியும். ஆனால் வேலையைக் கதவின் உள்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கதவின் வெளித்தகடு அடியில் உள்தகட்டைச் சுற்றி மடித்து அழுத்தப்பட்டிருக்கும். கண்ணாடியில் வழியும் மழைநீரில் கொஞ்சம் எப்போதும் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். புழுதியும் சருகும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மடிப்பில் தேங்கும். உங்கள் ஊரில் கடற்காற்றின் உப்பும் கூடச் சேரும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் என்பதால் மழையில்லாத நாளிலும் மடிப்பு முழுதாகக் காய்வதில்லை. உள்ளிருந்து அரித்து வந்த துரு கடைசியில் வெளிப் பெயிண்டைத் தள்ளும்போதுதான் நம் கண்ணில் படுகிறது. வெளியே எவ்வளவு நேர்த்தியாகப் பட்டி வைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்வரை அது நிற்காது.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, ஒரு செம்பு நல்ல தண்ணீரை வெளிப்பக்க ரப்பர் பட்டை ஓரமாக ஊற்றுங்கள். உடனே அடியில் சொட்ட ஆரம்பித்தால் துளை திறந்திருக்கிறது. சொட்டவில்லை என்றால் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள். ரப்பர் பட்டை வெடித்து விறைத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

பிறகு கதவின் உள் அட்டையைக் கழற்ற வேண்டும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பின்னால் ஒரு சிறு கம்பி கிளிப் இருக்கும். பழந்துணி ஒன்றைக் கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவில் நுழைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் கிளிப் தெறித்து வரும், தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து வையுங்கள். பலரும் அதை வேண்டாத பொருள் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தாள்தான். அது இல்லாவிட்டால் அட்டை ஊறும், தரை மேட் நனையும், அடுத்து தரைத்தகடு துருப்பிடிக்கும்.

உள்ளே படிந்த சேற்றைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, கதவைத் திறந்துவைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உள்ளறைகளுக்கென்றே கேவிட்டி வேக்ஸ் என்று ஸ்ப்ரே டப்பாவில் விற்கிறது. அதன் நீளக் குழாயை விட்டு அடிமடிப்பு முழுக்க நனையும்படி அடியுங்கள். ஒரு கதவுக்கு 100 முதல் 150 மில்லி போதும். அடித்த பிறகு துளைகளை மறுபடி கம்பியால் திறந்துவிடுங்கள்.

வரிசை முக்கியம்: வெளிப்பக்கப் பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் வேக்ஸ். முதலில் வேக்ஸ் அடித்தால் அது மடிப்பு வழியாகக் கசிந்து வெளியே வரும். அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் பிடிக்காமல் வட்டவட்டமாக விலகி நிற்கும்.

கேள்வி: என் காரில் ஓட்டை எதுவும் இல்லை, மேல்துருதான். வெளித்தகட்டில் என்னென்ன பூச வேண்டும், எந்த வரிசையில்?
– வாசகி, திருவொற்றியூர்

தொடங்குவது கழுவுவதில்தான், அதுவும் உப்பில்லாத தண்ணீரில். கடலோரத்தில் பல வீடுகளின் போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் துருவின் குழிகளில் நாமே உப்பை ஏற்றுகிறோம். உப்பின் மேல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் சில மாதங்களில் கொப்பளிக்கும்.

காய்ந்ததும் தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஈரம் காயும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். முதலில் தேய்த்தால் பிசுக்கு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்து 80 நம்பர் எமரி. துரு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல பெயிண்ட் வரை போங்கள். விளிம்பைத் தட்டையாக்க 180, பிறகு 320. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது துருவை எடுப்பதோடு, மிச்சத்தை மெருகேற்றிவிடவும் செய்யும். தகடு பளபளவென்று இருக்கும், உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் துரு உட்கார்ந்திருக்கும் குழி.

ரஸ்ட் கன்வெர்ட்டர் தேவைப்படுவது அந்தக் குழிகளுக்கு மட்டும்தான். துருவோடு சேர்ந்து அதைக் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாற்றும் திரவம் இது. பொருக்குத் துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் துரு அப்படியே இருக்கும். பளிச்சென்ற தகட்டில் பூசினாலும் பயனில்லை. தேவையான அளவைச் சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். துருப்பட்ட பிரஷைப் பாட்டிலுக்குள் விட்டால் பாட்டிலில் உள்ளது முழுக்கக் கெட்டுப்போகும். நான்கு கதவுகளின் அடிவிளிம்புக்கு 100 மில்லி தாராளம். மெல்லியதாக இரண்டு முறை பூசி, ஒரு நாள் விடுங்கள். பாஸ்பாரிக் அமில வகையாக இருந்து, கழுவ வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருந்தால் கழுவித்தான் ஆக வேண்டும். அமிலம் மிஞ்சினால் அடுத்து அதன் மேல் அடிக்கும் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு சரியாக இறுகாது.

பிறகு இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர், இரண்டு கோட். கலவை விகிதத்தைக் கண்ணளவில் பார்க்காமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். தகட்டைத் தேய்த்து வெளுத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்பு இருக்கிறது. கன்வெர்ட்டர் தேவைப்படாத இடமாக இருந்தால் தேய்த்த அன்றே பிரைமர் ஏறிவிட வேண்டும். கடற்காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் தகடு செம்பழுப்பாகிவிடும்.

ரெட் ஆக்சைடு என்ற செந்நிற பிரைமர் மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். அது ஈரத்தை உள்ளே விடும் பூச்சு, மேலே பெயிண்ட் இல்லாமல் காப்பாற்றாது. பட்டி தேவைப்பட்டால் எபாக்சிக்கு மேல் வையுங்கள். வெறும் தகட்டில் வைத்த பட்டி ஈரத்தை உறிஞ்சி, அதைத் தகட்டோடு சேர்த்தே வைத்திருக்கும்.

கடைசிப் பெயிண்ட் ஹார்ட்னர் கலக்கும் இரண்டு பாக பியூ (பாலியூரித்தேன்) வகை என்றால், அதை வீட்டில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த ஒரு கட்டத்தைப் பெயிண்ட் பூத் உள்ள கடையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பாகத்தில் பூசினால் துரு வராது என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். ஓடி முடித்த ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலக் கழிவு இருக்கும், அது தகட்டுக்கே பகை. ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய்க்கு வழி. மழையில் ஒழுகி மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும். எண்ணெய் வகைதான் வேண்டுமென்றால் இதற்கென்றே விற்கும் லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) அல்லது வேக்ஸ் பூச்சு வாங்குங்கள்.

கேள்வி: அடிப்பாகத்துக்குக் கறுப்பு ரப்பர் கோட்டிங் நானே அடிக்கலாமா? எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், நாகப்பட்டினம்

சிறிய காருக்கு, வீல் ஆர்ச் உட்பட இரண்டு கோட்டுக்கு நாலிலிருந்து ஐந்து லிட்டர் பிடிக்கும். ஆனால் துரு மேல் அடிப்பதாக இருந்தால் அடிக்காமலே இருப்பது மேல். கெட்டியான அந்தப் பூச்சு கல்லடியில் ஓரிடத்தில் விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே போய்ப் பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையில் தங்கும். வெளியே கறுப்பாக, அழகாக இருக்கும். உள்ளே தகடு தாள்போல் ஆகியிருக்கும். அதனால் முதலில் மேலே சொன்ன அதே சுத்தமும் எபாக்சியும், அதற்குப் பிறகே கோட்டிங். ஏற்கெனவே கோட்டிங் உள்ள காரில் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற சத்தம் வரும் இடத்தை உரித்துவிட வேண்டும்.

சைலன்சர், பிரேக் டிரம், டிஸ்க், ஆக்சில் ரப்பர் பூட், ஹேண்ட்பிரேக் கேபிள், எர்த் வயர் இணைப்பு, வடிகால் துளைகள் இவற்றில் படக்கூடாது. செய்தித்தாளும் டேப்பும் போட்டு மறைத்துக்கொள்ளுங்கள். காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் போகவே போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய்ப் பக்கத்தில் கிரைண்டர் வேண்டாம், கையால் தேய்ப்பதுதான் சரி.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, வெயில் காலத்திலேயே முடித்துவிடுங்கள். காலைப் பனி ஈரம் போன பிறகு, தகடு கை வைக்க முடியாத அளவு சுடும் முன், நிழலில் அடிப்பது நல்லது. சுடும் தகட்டில் தின்னர் சட்டென்று ஆவியாகி ஊசித்துளைகள் விழும்.

கேள்வி: ஓட்டுநர் மேட்டுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் குத்தினால் உள்ளே போகிறது. ஃபைபர் ஒட்டினால் போதுமா?
– வாசகர், கடலூர்

போதாது. ரன்னிங் போர்டு (கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு), ஜாக்கி வைக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் இவற்றின் அருகில் என்றால் அது பாடியின் பலத்தைச் சேர்ந்த விஷயம். நல்ல தகடு வரும்வரை வெட்டி, புதுத்தகடு வெல்டிங் செய்யும் டிங்கரிடம் போங்கள். அதற்கு முன் அந்தப் பக்கம் வேக்ஸோ ரப்பர் கோட்டிங்கோ அடித்துவிடாதீர்கள், வெல்டிங்கில் தீப்பிடிக்கும்.

கேள்வி: பேட்டரியில் இணைக்கும் மின்னணுத் துருத் தடுப்புக் கருவி பயன் தருமா?
– வாசகர், கோவை

கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் மின்சாரத்தால் துருவைத் தடுக்க முடியும். சுற்றிலும் கடல்நீரோ ஈரமண்ணோ இருந்து மின்னோட்டத்தைக் கடத்துவதால் அது நடக்கிறது. காரைச் சுற்றி இருப்பது காற்று, அதனால் அந்த முறை இங்கே எடுபடாது. அந்தப் பணத்துக்கு வேக்ஸ் வாங்கி, வருஷத்துக்கு ஒரு முறை மழைக்கு முன் கதவு, ரன்னிங் போர்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் என்று அடித்துவிடுங்கள். ஒரு பக்க ரன்னிங் போர்டுக்கு 250 மில்லி வரை பிடிக்கும்.