சல்லடைத் தாளம்

கேள்வி: இசையமைப்பாளர் ஸெனாகிஸின் 'ப்ஸாஃபா' என்ற படைப்பு, கணக்கைச் சல்லடையாக வைத்து எழுதியது என்கிறார்கள். அது எப்படி? வீட்டில் பழக முடியுமா?

பதில்: 1975-இல் ஒரே ஒரு தாள வாத்தியக்காரருக்காக எழுதப்பட்ட படைப்பு அது. வழக்கமான சுரக்குறிப்பு கிடையாது, கட்டத்தாளில் புள்ளிகள்தான். மரமா, தோலா, உலோகமா என்று வகை சொல்லியிருப்பாரே தவிர, எந்த வாத்தியம் என்பதை வாசிப்பவரே முடிவு செய்யலாம். (அந்தத் தேர்விலேயே பலருக்கு மாதக்கணக்கில் ஓடிவிடும்!)

சல்லடை என்பது எண்களைச் சலித்து, நிற்கும் இடங்களில் மட்டும் தட்டுவது. அதற்குச் சின்ன மாதிரி: கட்டத்தாளில் 0 முதல் 11 வரை 12 கட்டம் போடுங்கள். 3-ஆல் வகுபடுவதையும் 4-ஆல் வகுபடுவதையும் குறியுங்கள். 0, 3, 4, 6, 8, 9 நிற்கும். 9-க்குப் பின் மறுபடி 0-க்குத் திரும்புவதையும் சேர்த்தால், இடைவெளிகள் 3, 1, 2, 2, 1, 3. முன்னும் பின்னும் ஒன்றே. திஸ்ரத்தையும் (மூன்றின் கணக்கு) சதுஸ்ரத்தையும் (நான்கின் கணக்கு) ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுதான் என்று மிருதங்கக்காரர்கள் சிரிப்பார்கள், சரிதான்.

கட்டத்துக்கு ஒரு டிக் வீதம் மெட்ரோனோமை (சீரான வேகத்தில் டிக் அடிக்கும் கருவி) நிமிடத்துக்கு 120-இல் வைத்து, குறித்த இடத்தில் மட்டும் தட்டுங்கள். பெரும்பாலும் சறுக்குவது 3, 4-இல். அடுத்தடுத்த தட்டு என்பதால் கை முந்தி, பின்னால் வரும் 2, 2 இழுபடும். காலால் எல்லாக் கட்டத்தையும் தட்டினால் சரியாகும்.

3-இன் வரிசையை ஒரு கட்டம் தள்ளினால் புது லயம் வருமென்று எதிர்பார்க்காதீர்கள். 3-க்கும் 4-க்கும் பொதுக் காரணி இல்லாததால், அதே சுழற்சி வேறு இடத்தில் தொடங்கும், அவ்வளவுதான். புதிதாக வேண்டுமென்றால் 4, 6 எடுத்து ஒரு வரிசையை மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் பாருங்கள்.