கணினி வரைகலையை நுண்கலை என்று சொல்ல முடியுமா?

முடியும். எல்லாக் கணினிப் படங்களையும் சொல்ல முடியாது, ஆனால் சிலவற்றைத் தயக்கமே இல்லாமல் சொல்லலாம். கேள்வியோடு 'பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடுகிறது, இதில் கலைஞனுக்கு என்ன வேலை?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகத்துக்குத்தான் விரிவாகப் பதில் எழுத நினைக்கிறேன். நான் முப்பரிமாண வரைகலையில் வேலை செய்பவன். காகிதத்தில் வரைவதையும் விட்டதில்லை.

ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் நேஸ் 1968 வாக்கில் உருவாக்கிய 'ஷாட்டர்' என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். வரிசைக்கு 12 சதுரங்கள், மொத்தம் 22 வரிசைகள். மேலே எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். கீழே இறங்க இறங்க ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் சாயும், கொஞ்சம் விலகும், கடைசி வரிசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிதறிக் கிடக்கும். படத்தில் இருப்பது அவ்வளவுதான், வண்ணம்கூடக் கிடையாது. ஆனாலும் ஒழுங்கு எந்த இடத்தில் குலைய ஆரம்பிக்கிறது என்று கண் மேலும் கீழும் தேடிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடம் பிடிபடுவதில்லை.

இதில் கணினி செய்தது தற்செயல் எண்களைக் கொடுத்ததும், அதன்படி கோடுகளைப் போட்டதும்தான். வரிசைக்கு வரிசை அந்தத் தற்செயல் எவ்வளவு கூட வேண்டும் என்று தீர்மானித்தவர் நேஸ். கொஞ்சம் வேகமாகக் கூட்டியிருந்தால் பாதிப் படத்துக்குமேல் வெறும் குழப்பம். மெதுவாகக் கூட்டியிருந்தால் சலிப்பூட்டும் கட்டம். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடித்திருக்கிறாரே, ஓவியர் வண்ணம் கலக்கும்போது எடுக்கிற முடிவுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

வேரா மோல்னாரின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். 1924-ல் புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஓவியர் அவர். கணினி கைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே தனக்குத்தானே விதிகளை வகுத்துக்கொண்டு, அவற்றைப் படிப்படியாகப் பின்பற்றிக் கையாலேயே வரைந்தார். அந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'கற்பனை இயந்திரம்'. உண்மையான கணினியில் வேலை செய்யத் தொடங்கியது 1968-ல்தான். அதாவது சிந்தனை முதலில் வந்தது, கருவி பிறகு வந்து சேர்ந்தது. 2022-ல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவருடைய படைப்புகள் இடம்பெற்றன, அதற்கு அடுத்த வருடம் இறந்தார். ஒரே சதுரத்தையும் ஒரே கோட்டையும் வாழ்நாள் முழுக்க விடாமல் கேள்வி கேட்டவரைக் கலைஞர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் நோல், டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் 1917-ம் வருடத்து ஓவியம் ஒன்றைப் போலக் கணினியில் ஒரு படம் செய்து, இரண்டின் நகல்களையும் 100 பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினிப் படம்தான் அதிகம் பிடித்திருந்தது. எது கணினிப் படம் என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர் மட்டுமே. சுவாரசியமான சோதனைதான், ஆனால் இதை வைத்துக் கணினிப் படம் கலை என்று நிறுவுவதை நான் ஏற்கவில்லை. இன்னொருவர் உருவாக்கிய அமைப்பைக் கணினியால் போலச் செய்ய முடியும் என்பதை மட்டுமே இது காட்டுகிறது. வேறு எந்த வழியிலும் வந்திருக்க முடியாத ஒன்றைக் கணினி வழியாகக் கொண்டுவரும்போதுதான் எனக்கு ஆர்வம் வருகிறது.

'கை படவில்லையே' என்பது அடுத்த எதிர்ப்பு. அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட்டின் சுவரோவியங்களைப் பெரும்பாலும் வேறு ஆட்கள்தான் வரைந்தார்கள், அவர் கொடுத்தது குறிப்புகள். சிற்பி ரோடானின் வெண்கலச் சிலைகளை வார்த்தது வார்ப்படப் பட்டறை. 'எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாமே' என்றால், செதுக்கோவிய அச்சுகளுக்கும் அது பொருந்தும். அப்புறம், அந்தக் காலக் கணினிக் கலைஞர்கள் பலர் பிளாட்டரில், அதாவது கணினி சொல்கிறபடி பேனாவை நகர்த்தி வரையும் இயந்திரத்தில், உண்மையான பேனாவும் மையும் வைத்துக் காகிதத்தில்தான் வரைந்தார்கள்.

சரி, எது நுண்கலை இல்லை? என் அன்றாட வேலையில் பெரும்பகுதி இல்லை. ஒரு பொருளை விளம்பரத்துக்காக ரெண்டர் செய்யும்போது, அதாவது அதன் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் படமாக்கும்போது, அது பளிச்சென்று தெரிய வேண்டும், வாங்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். அதிலும் உழைப்பும் ரசனையும் நிறைய உண்டு, அதை மட்டம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்ட படம் அது. அதே மென்பொருளில், அதே விளக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பொருளை விட்டுவிட்டு நிழலை மட்டும் முக்கியமாக்க ஒருவர் தீர்மானித்தால் அங்கே வேறொன்று தொடங்குகிறது. ஒளி எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று மென்பொருள் கணக்கிடும். எதை இருட்டில் விடுவது என்பதை அது தீர்மானிக்காது.

இப்போதைய செயற்கை நுண்ணறிவுப் படங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். ஹெரால்டு கோஹன் 1966-ல் வெனிஸ் பியனாலேயில் பிரிட்டன் சார்பில் கலந்துகொண்ட ஓவியர். 1970-களின் தொடக்கத்திலிருந்து 2016-ல் இறக்கும்வரை 'ஆரன்' என்ற வரையும் நிரலை எழுதி, திருத்தி, மறுபடி எழுதிக்கொண்டே இருந்தார். உருவத்தை எப்படி மூடுவது, எதை எதற்குப் பின்னால் வைப்பது என்று ஒவ்வொரு விதியையும் தானே யோசித்து எழுதினார். ஒரு வரி தட்டச்சு செய்து, வந்த முதல் படத்தை அப்படியே வெளியிடுபவரை அவரோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே கருவியில் மாதக்கணக்காக உட்கார்ந்து, வந்ததில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்து, தான் தேடுவது என்ன என்று தெரிந்து வேலை செய்பவர் இருந்தால் அவருடைய படங்களை நான் நின்று பார்ப்பேன்.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கணினிக் கலைக்குப் பெரிய சேகரிப்பே இருக்கிறது, அதன் இணையதளத்திலும் பார்க்கலாம். மோல்னாரிடமிருந்து தொடங்குங்கள். அடுத்து ஃப்ரீடர் நாகே, மான்ஃப்ரெட் மோர் என்ற மற்ற இரண்டு கணினிக் கலைஞர்கள்.