நிலக்கிழார் வீட்டுக் காகிதங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் பழைய நிலக்கிழார் குடும்பங்களின் எஸ்டேட் ஆவணங்களைப் பொதுப்பணத்தில் பாதுகாப்பதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். குடியானவர்களைப் பட்டினியில் துரத்தியவர்களின் கணக்குப் புத்தகத்துக்கு இத்தனை மரியாதை எதற்கு? அதில் அவர்கள் தரப்பு மட்டும்தானே இருக்கும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பெட்டிகளில் இருப்பது ஒரு தரப்பு மட்டும் அல்ல.

ராஸ்காமன் கவுண்டியில் உள்ள ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க் மாளிகையைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மஹோன் குடும்பத்திடம் இருந்தது. 1979-இல் ஜிம் கேலரி என்ற உள்ளூர்த் தொழிலதிபர் அதை வாங்கினார். அவருக்குத் தேவைப்பட்டது தன் வாகனத் தொழிலுக்கு இடம், அவ்வளவுதான். வீட்டில் கிடந்த காகிதங்களைப் புரட்டியபோது ஒரு மனு அவர் கையில் சிக்கியது. 1846 ஆகஸ்டில், அயர்லாந்தின் பெரும்பஞ்சத்தின்போது, அந்த எஸ்டேட்டைச் சேர்ந்த க்ளூனஹீ என்ற ஊரின் குத்தகைக்காரர்கள் எழுதியது. உருளைக்கிழங்கு அழுகிவிட்டது, தானியமும் இல்லை, பிள்ளைகள் சோறு கேட்டு அழுவதை இனியும் தாங்க முடியாது என்று அதில் முறையிட்டிருக்கிறார்கள். எஸ்டேட் அலுவலகம் அதைக் கோப்பில் போட்டு வைத்ததால்தான் இன்று நாம் வாசிக்கிறோம்.

அப்புறம் நடந்ததும் அதே காகிதங்களில் இருக்கிறது. குத்தகைக்காரர்களை ஏழைகள் விடுதியில் வைத்துப் பராமரிப்பதைவிடக் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்புவது மலிவு என்று எஸ்டேட் ஏஜென்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். 1847 மே மாதம் அவர்களில் 1,490 பேர் ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடந்தார்கள். அங்கிருந்து லிவர்பூல், பிறகு அட்லாண்டிக். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் ஒன்றான வர்ஜீனியஸில் பயணம் செய்த 476 பேரில் 158 பேர் கடலிலேயே இறந்தார்கள். அந்த நவம்பரில் நிலக்கிழார் டெனிஸ் மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார். மஹோன்கள் மீது என்ன குற்றம் சாட்டினாலும் அதற்கான சான்று அவர்கள் வீட்டுக் காகிதங்களிலேயே கிடைக்கிறது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 1922-இல், அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைப் பதிவேடுகளில் பெரும்பகுதி அதில் போனது. 1861, 1871 பதிவேடுகளை அரசே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. ஒரு சாதாரண விவசாயியின் பெயரைத் தேடுகிறவர் வேறு எங்கே போவார்? குத்தகைப் பேரேட்டில்தான் பெயர் இருக்கும், எந்த ஊர், எவ்வளவு நிலம், எவ்வளவு பாக்கி என்பதோடு. 1920 முதல் 1923 வரை இருநூறுக்கும் மேற்பட்ட நிலக்கிழார் மாளிகைகள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர்களின் ஆத்திரம் புரிகிறது. ஆனால் பல இடங்களில் மாளிகையோடு பேரேடும் சாம்பலானது. அங்கே இழந்தது நிலக்கிழார் மட்டும் இல்லையே.

சரி, மரியாதை என்று கேட்டீர்கள். 1994-இல் ஸ்ட்ரோக்ஸ்டவுனில் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறந்தார்கள். மாளிகையின் குதிரை லாயத்தில்தான் அதை அமைத்தார்கள். ஆவணங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். மேனூத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றில் வேலை செய்கிறார்கள். அந்த வேலைக்குப் பொதுப்பணம் செலவாவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

அன்புடன்