டவர் கிடைத்தால் போதுமா, மலை இறங்க வேண்டாமா?

கேள்வி: பீஞ்சமந்தை பக்கம் மலைக்கிராமம் எங்களுடையது. மனைவிக்கு ஏழாவது மாதம். செக்கப்புக்கு மலை இறங்கி ஒடுகத்தூர் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பாதையில் குலுங்கி அவளுக்கு இடுப்பும் விட்டுப்போகிறது. செல்போனிலேயே டாக்டரைப் பார்க்கலாமாமே, இனி செக்கப்பை அப்படியே முடித்துக்கொள்ளலாமா?
- வாசகர், அணைக்கட்டு தாலுகா

பதில்: பாதி முடிக்கலாம் தம்பி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம்.

இ-சஞ்சீவனி என்ற அரசு சேவை 2019-ல் வந்தது, வீட்டிலிருந்தே பேசும் வசதி 2020 ஊரடங்கில் சேர்ந்தது, காசு கிடையாது. நீங்களே போனில் பேசலாம், இல்லையென்றால் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம். நான் சொல்வது இரண்டாவதை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் பிரஷர் பார்க்க முடியாது, வயிற்றைத் தொட்டு குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது, ஸ்கேனும் எடுக்க முடியாது. "தலை சுத்துது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் "நல்லா சாப்பிடுங்கம்மா" என்றுதான் பதில் வரும். அதையே "பிரஷர் 140/90, ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.5, கணுக்காலை அழுத்தினால் குழி விழுது" என்று சொல்லிப்பாருங்கள், மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

போன் நன்றாகவே உதவும் இடங்களும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை வாந்தி வருகிறது, மலம் கருப்பாகப் போகிறது என்று பயந்து பரணில் போட்டுவிடுகிறார்களே, அதற்கு ஐந்து நிமிடப் பேச்சு போதும். கருப்பாகப் போவது சாதாரணம். ராத்திரி சாப்பிட்ட பிறகு போடலாம், ஆனால் மாத்திரையோடு டீ மட்டும் கூடவே கூடாது (நம் ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்). அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம், ஆனால் அதற்கு நேரில்தான் போகவேண்டும்.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, கடுமையான தலைவலி, கண் மங்குவது, வலிப்பு, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் வீடியோ டாக்டரைத் தேடி உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவத்துக்கு மட்டும் இந்த வழி வேண்டவே வேண்டாம். வலி வந்த பிறகு டவர் தேடிப் பாறை ஏறுவது பெரிய ஆபத்து. சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்பே இறங்கிவிடுங்கள். மலைப்பகுதிக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க, ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் காத்திருப்பு அறை இருக்கிறது, உங்களுக்கு எது பக்கம் என்று நர்ஸம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் நோயாளி பார்த்தபோதும், ரோடு வரைக்கும் சனங்கள் நடந்துதான் வந்தார்கள்.

கேள்வி: வீடியோவில் பார்த்த டாக்டர் போனுக்கு அனுப்பிய மருந்துச்சீட்டு செல்லாது என்கிறார் மெடிக்கல் கடைக்காரர். உண்மையா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: செல்லும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே அதை அனுமதிக்கிறது, போதை தரும் சில மருந்துகளைத் தவிர. சீட்டில் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தும் தரமாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள்.