யார் பார்த்த அளவு?

அன்புள்ள ஐயா,

நீரியல் படித்துவிட்டு ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆற்றிலிருந்து பாசனத்துக்கு நீர் எடுக்க உரிமை கேட்டு விண்ணப்பிக்கும் ஒருவருக்காக அறிக்கை எழுதும் பொறுப்பு வந்திருக்கிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் நீர் எடுப்பவர்கள் எதிர்க்கிறார்கள், வழக்காகும் போலிருக்கிறது. 14 ஆண்டு நீரோட்டக் கணக்கு கையில் இருக்கிறது. சராசரியைப் பார்த்தால் எல்லாருக்கும் போக மிஞ்சுகிறது. ஒரு தரப்பிடம் காசு வாங்கிக்கொண்டு அறிவியல் பேசுவது சரியா என்பதுதான் உறுத்தல். ஓட்டத்தைக் கணிக்க எந்தக் கணினி மாடல் வைத்தால் நீதிமன்றத்தில் எடுபடும்? மற்றபடி, தரவு தானாகவே பேசும் என்று நம்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது என் பழைய களக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து மனம் வேறு எதிலும் நிற்கவில்லை. உங்கள் கடிதம் சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

காசு விஷயத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். எதிர்த்தரப்பு கேட்டிருந்தாலும் இதே எண்ணைத்தான் சொல்லியிருப்பேன் என்று இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மாடல் எதுவாகவும் இருக்கட்டும்.

ஆனால் தரவு தானாகவே பேசுமாம்! எனக்குத் தெரிந்து அது வாயைத் திறந்ததே இல்லை. 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிரான நீர் வழக்கில் புளோரிடா மாநிலம் தோற்றதைப் படித்துப் பாருங்கள். புளோரிடாவின் அப்பலாச்சிக்கோலா விரிகுடாவில் 2012-ல் சிப்பிகள் அழிந்தது உண்மை, மேலே ஜார்ஜியா பாசனத்துக்கு நீர் எடுத்ததும் உண்மை. அதனால்தான் இது என்று கோக்க வேண்டிய இடத்தில் புளோரிடாவால் போதுமான சான்றைக் காட்ட முடியவில்லை. நீங்களே அளவுக்கு மீறிச் சிப்பி எடுத்தீர்களே என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அவர்களிடம் தரவுக்கா பஞ்சம்?

சராசரி என்ற சொல்லைப் படித்ததும் உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. எந்த 14 ஆண்டு? அதில் பெருவெள்ளம் வந்த ஆண்டுகள் எத்தனை? ஒரே ஒரு வெள்ளம் சராசரியை எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விடும், அந்த நீரில் ஒரு சொட்டுகூட உங்கள் கட்சிக்காரர் வயலுக்குப் போகாது, அது பாட்டுக்குக் கடலுக்குப் போய்விடும். உங்கள் ஆள் புதிதாக வருபவர். முந்தியவருக்கு முன்னுரிமை என்ற முறை இருக்கும் இடங்களில், நீர் குறைந்தால் முதலில் வாய்க்காலை மூடவேண்டியவர் அவர்தான். அப்படியிருக்க ஆண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பயிர் வாடுகிற மாதத்தில், முன்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் எடுத்த பிறகு, எத்தனை நாள் ஆற்றில் நீர் இருந்தது? அதை நாள்வாரியாக எண்ணுங்கள். எண்ண அலுப்பாக இருந்தால் இந்தத் தொழில் வேண்டாம்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்குபோட்ட கதை உங்கள் பாடத்தில் இருந்திருக்கும். 1922-ல் ஒப்பந்தம். ஆண்டுக்கு மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. ஆண்டுக்கு 1.6 கோடிக்கு மேல் வருகிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. பங்கு பிரியும் இடமான லீஸ் ஃபெரியில் அளவு நிலையம் வந்ததே 1921-ல்தான்! மற்ற இடங்களின் கணக்கும் சில பத்து ஆண்டுகளைத் தாண்டாது, அதுவும் வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை பெய்த காலம். அவ்வளவு நீர் கிடையாது என்று லாரூ என்ற நீரியலாளர் அந்தப் பத்தாண்டிலேயே சொன்னார். யார் கேட்டார்கள்? 1976-ல், நல்ல மழை ஆண்டில் அகலமாக வளரும் மர வளையங்களை வைத்துப் பல நூற்றாண்டுக் கணக்கைப் பார்த்தபோது சராசரி சுமார் 1.35 கோடி என்று வந்தது. இல்லாத நீரைப் பங்குபோட்டுவிட்டு நூறு ஆண்டாகச் சண்டை போடுகிறார்கள்.

காவிரிக்கு 740 டி.எம்.சி. என்று நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பில் வருகிறதே, அதற்குப் பக்கத்திலேயே 50 விழுக்காடு நம்பகம் என்று இருக்கும். எல்லாரும் 740-ஐ மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டு அதைவிடக் குறைவாக வரும் என்பதுதான் அந்த ஐம்பதுக்குப் பொருள், சண்டை வருவதும் அந்த ஆண்டில்தான்.

சரி, குறிப்பேட்டுக்கு வருகிறேன். உங்கள் வயதில் நானும் இப்படி ஒரு அறிக்கை எழுதினேன். அழகான அட்டவணைகள், வண்ணக் கோடுகள். குறுக்கு விசாரணையில் எதிர் வக்கீல் என் கணிதத்தைத் தொடவே இல்லை. “ஆற்றில் நீர்மட்டம் பார்க்க நட்டிருக்கும் அந்த அளவுகோலை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?” என்றார். இல்லை என்றேன். பிறகு மூலப் பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்தார். காலை நீர்மட்டம் 0.74, மாலை 0.74, அடுத்த நாள் 0.74. இப்படியே 22 நாள், ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் எழுதியது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் கணினிக்கு ஏற்றப்பட்ட எண்களை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

தோற்ற பிறகுதான் ஆற்றுக்குப் போனேன். தொடையளவு நீரில் நின்று, நீரின் வேகத்தை அளக்கும் ஓட்டமானியை மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்குக்கு இறக்கி, காதில் டிக் டிக் என்று விழுவதை எண்ணி எண்ணிக் குறித்தேன். அளவுகோலுக்குச் சற்றுக் கீழே ஒரு மணல்திட்டு. பழைய வெள்ளம் விட்டுப்போனது, அதன்மேல் புல்லே முளைத்திருந்தது. அது மறித்ததால் நீர்மட்டம் ஏறியிருக்கிறது, ஓட்டம் ஏறவில்லை. நானோ வெள்ளத்துக்கு முந்தைய அட்டவணையை வைத்து மட்டத்தை ஓட்டமாக மாற்றி, இல்லாத நீரை ஆண்டுக்கணக்கில் ஆற்றில் ஓடவிட்டிருந்தேன். அன்று அளந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். பேனா தாளைக் கிழித்த இடம் இப்போதும் தெரிகிறது.

உங்களைத் திட்டுகிறேனா என்னைத் திட்டிக்கொள்கிறேனா என்று தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்திருக்கிறது. ஆனால் உறுத்தவேண்டிய இடம் வேறு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஆற்றுக்குப் போங்கள். அளவு குறிப்பவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள், அதிகாரியாகப் போகாதீர்கள், பதிவேட்டை அவர் கையாலேயே புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். அளவுகோலின் சுழியம் எங்கே இருக்கிறது, கடைசியாக யார் அதைச் சரிபார்த்தார்கள், வெள்ளத்துக்குப் பிறகு ஓட்டத்தைப் புதிதாக அளந்தார்களா என்று கேளுங்கள். அளவில் இவ்வளவு பிழை இருக்கலாம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வக்கீல் எடுக்கச் சொல்வார், எடுக்காதீர்கள். அப்புறம், பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், சேறு இருக்கும்.

போய்வந்து எழுதுங்கள்.