10,000 ரூபாய் கட்டினால் முடிந்துவிடுமா? குடித்துவிட்டு ஓட்டும் வழக்குகள்: கேள்வி பதில்

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். என்னிடம் வருவது பெரும்பாலும் விபத்து இழப்பீட்டு வழக்குகள். குடிபோதையில் வண்டி ஓட்டுவது பற்றி நீங்கள் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, போன வாரம் பைக்கில் வரும்போது பிடித்துவிட்டார்கள். 10,000 ரூபாய் கட்டினால் கேஸ் முடிந்துவிடும்தானே? (திருப்பூர்)

முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள் தம்பி. ஹெல்மெட் போடாததற்கு அந்த இடத்திலேயே பணம் கட்டுகிற மாதிரி இல்லை, இது நீதிமன்றத்துக்குப் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவுப்படி முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் இரண்டுமே. மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் இரண்டுமே. 2019 செப்டம்பருக்கு முன்பு முதல் அபராதம் வெறும் 2,000 ரூபாயாக இருந்தது. இன்னும் பலர் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள்.

அபராதம் கட்டினாலும் தண்டனை பெற்றவர் என்றுதான் பதிவாகும். அடுத்த தடவை அந்தப் பதிவு வந்து நிற்கும். அப்புறம் லைசென்ஸ். போலீசார் அதை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், வழக்கமாக 3 மாதம் முடக்கிவைப்பார்கள். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 10,000 ரூபாயைவிட இந்த 3 மாதம்தான் பெரிய அடி.

கேள்வி: ராத்திரி குடித்தேன், தூங்கி எழுந்து காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பினேன். ஊதச் சொன்னதும் காட்டிவிட்டது. மெஷின் கோளாறா? (ஓசூர்)

மெஷின் சரியாகவே இருந்திருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். சுமார் 60 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தி குடித்தால் இந்த அளவு ஏறக்குறைய 150 வரை போகும். உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 வீதம்தான் இறக்கும். நள்ளிரவில் முடித்தவருக்குக் காலை 8 மணிக்கும் எல்லைக்கோட்டில்தான் நிற்கும். குளித்தாலும் சரி, காபி, மோர், எலுமிச்சை என்று எதைக் குடித்தாலும் சரி, அது வேகமாக இறங்காது. "ஒரு கட்டிங் தானே" என்பவர்களுக்கும் இதே கணக்குதான்: அந்த 90 மில்லியே 70-ஐத் தாண்டிவிடும்.

மவுத்வாஷ் கொப்பளித்த உடனே ஊதினால் மட்டும் தவறாகக் காட்ட வாய்ப்புண்டு. வாயைக் கழுவிவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊத மாட்டேன் என்று சொன்னால்? (கடலூர்)

குடித்திருப்பதாகச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால், மறுப்பவரை வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்ததே நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சான்றாகவும் ஆகும். உங்கள் பக்கத்திலும் ஓர் உரிமை இருக்கிறது: 185-இல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: நான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என் மேலும் வழக்கா? (சென்னை)

வரலாம். குற்றத்துக்குத் துணைபோனால் அதே தண்டனை என்கிறது 188-ஆம் பிரிவு. 2022 அக்டோபரிலேயே சென்னைப் போக்குவரத்துப் போலீசார், கூட வருபவருக்கும் அபராதம் என்று அறிவித்துவிட்டார்கள்.

கேள்வி: கஞ்சா அடித்துவிட்டு ஓட்டினால் மெஷினில் தெரியாதாமே? (பெயர் வேண்டாம்)

ஊதும் கருவியில் தெரியாது, ரத்தத்தில் தெரியும். வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை மருந்தின் பிடியில் இருந்தால் அதே 185, அதே தண்டனை. போதாததற்கு, கஞ்சா உட்கொண்டதற்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை உண்டு.

கேள்வி: என் கார்தான் சுவரில் இடித்தது, வேறு யாருக்கும் அடியில்லை. இன்சூரன்ஸ் கிடைக்குமா? (கோவை)

குடித்திருந்தால் நம்பாதீர்கள். 2007-இல் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் என்ற அறிக்கைகூட இல்லை. ஆனாலும் 2021-இல் உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது சரி என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: குடித்துவிட்டு ஓட்டியவன் கார் மோதி என் தம்பி போய்விட்டான். அவன் கட்டட வேலை பார்த்தவன். அந்த ஆளுக்கும் 10,000 ரூபாய் அபராதம்தானா அக்கா? (திண்டுக்கல்)

இல்லையம்மா. உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம், வந்துவிடும். கவனக்குறைவால் மரணம் என்று அதன் 106-ஆம் பிரிவில் போட்டால் 5 வருடம் வரை சிறை. உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டினான் என்று 105-இல் போட்டால் 10 வருடம் வரை. 2006-இல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய 7 பேர் இறந்த வழக்கில், குடிபோதையில் ஓட்டியவருக்கு இந்த இரண்டாவது வகைக் குற்றம் பொருந்தும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனை 3 வருடம்தான். எனக்கு அது குறைவாகவே படுகிறது.

அந்த ஆளுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு இழப்பீட்டு மனு. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்டுவிடுங்கள். ஓட்டியவன் குடித்திருந்தான் என்பதற்காக உங்கள் குடும்பத்துக்குப் பணம் வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல வழக்குகளில் இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தம்பியின் வருமானத்தைக் காட்ட, கட்டட வேலைக்குச் சம்பளச் சீட்டு இருக்காது என்று எனக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு பெண், மேஸ்திரி சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த வாரக் கூலிக் கணக்கைப் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். பேனா மை பாதி அழிந்திருந்தது. அதையும் தாக்கல் செய்தோம், மேஸ்திரியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். உங்கள் தம்பி வேலை பார்த்த இடத்தில் அப்படி என்ன இருந்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.