கதையில் கொசு, வீட்டில் நுளம்பு

அன்புத் தங்கைக்கு,

நான்கு வயது மகளுடன் மே மாதத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்குக் குடிவருவதாக எழுதி, வாடகை, விசா ஆகியவற்றோடு, அவளுக்கு அறிவியலும் உடல்நலமும் சொல்லித்தர அங்கிருந்து கதைப்புத்தகங்களைக் கொண்டுவந்தால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகையையும் விசாவையும் உங்கள் கணவரின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

2017 மே மாதம் நாங்கள் கொழும்பின் வெள்ளவத்தையில் குடியேறியபோது என் மகனுக்கு ஐந்து வயது. மதுரையிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களில் அவன் திரும்பத் திரும்பக் கேட்ட கதையில், ஒரு கொசு சாக்கடையில் பிறந்து, இரவில் கடிக்க வந்து, வலையைக் கண்டு தோற்று ஓடும். அதை நம்பி இரவில் வலை கட்டினேன். பகலில் பால்கனியில் பூச்சாடிகளுக்கு நடுவே அவனை விளையாட விட்டேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. சாக்கடையைவிடத் தெளிந்து தேங்கிய நீரையே நாடுவது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடித் தட்டுகளைக் காட்டியபோதுதான் அவற்றில் குடம்பிகள், அதாவது கொசுப் புழுக்கள், நெளிவதைப் பார்த்தேன். அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவான ஆண்டு அது. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் குணமாகிவிட்டதென்று நிம்மதியடைந்தேன். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் என்று சொல்லி, எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாதான் எங்களை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. கொசுவை இங்கே நுளம்பு என்பார்கள். முன்பள்ளியில் ஆசிரியை நுளம்பைப் பற்றிப் படம் காட்டிச் சொல்லியிருக்கிறார். இவனோ, எங்கள் வீட்டில் நுளம்பு இல்லை, கொசுதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். நாம் சோப்பு என்பது இங்கே சவர்க்காரம், நம் ஆக்சிஜன் பாடநூலில் ஒட்சிசன், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு. ஆகவே கதை வாசிக்கும்போது இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லுங்கள். "இதெல்லாம் ஒரு தமிழா" என்று பிள்ளைகளின் முன்னாலேயே நகைத்துவிட்டு, ஆங்கிலப் படப்புத்தகங்களை மட்டும் வாங்கிக் குவிக்கும் நம்மூர்க்காரர்கள் இங்கே சிலர் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். நான் இந்தச் சொற்களை விரும்பிக் கற்றேன். இப்போது என் வாயில் முதலில் வருவது நுளம்புதான்.

வாசித்துக் கொடுப்பதற்கு முன், கதையில் நோய் எப்படி வருகிறது, எதனால் தடுக்கப்படுகிறது என்பதை நீங்களே சரிபாருங்கள். பிழையிருந்தால் கதையை மாற்றிச் சொல்லுங்கள். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காகக் காத்திருக்கும் ஒரு முட்டையின் கதையாக இதை என் மகனுக்குச் சொன்னேன். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் பிடிக்கும் என்பதால், ஞாயிறுதோறும் அவன் தூரிகையோடு பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று தேடிப் போவான்; மழைநீர் வடியும் கூரைப் பீலியை அவன் அப்பா பார்த்துக்கொள்வார். எதிர்வீட்டு அம்மாவின் பூச்சாடிகளையும் அவனே தேய்த்துக் கொடுத்தான். அவர் ஒவ்வொரு முறையும் முழுக்கதையையும் சொல்லவைத்துக் கேட்பார்.

அந்தப் பழைய புத்தகத்தில் சாக்கடை என்ற சொல்லை அடித்து, பூச்சாடித் தட்டு என்று அவன் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். நீங்கள் வந்ததும் உங்கள் மகளுக்கு அதைத் தருகிறேன்.